அவஸ்தைக்குப் பயந்து கடற்கரைக்கு ஓடியவர்

கடியப்பட்டணத்தில் யாருக்காவது சாவு நெருங்கிவிட்டால் முதலில் ஆள் அனுப்புவது என் வீட்டுக்காரருக்குத்தான். கட்டுமரம் ஏறி மீன் பிடிக்கிறவர்தான் என்றாலும், சாகிறவர்களுக்கு ஜெபம் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மந்திரித்த மெழுகுதிரியைச் சாகிறவர் கையில் பிடித்துக்கொடுத்து, காதில் குனிந்து “சேசு மரி சூசை” என்று கத்துவார். அந்தச் சத்தம் மூன்றாம் தெருவுக்குக் கேட்கும். கடலில் கூவிப் பழகிய தொண்டை, வேறு எப்படி இருக்கும்?

இதனால் ஊரில் அவரைக் கண்டாலே நோயாளிகளுக்கு நடுக்கம். வயிற்றுவலியென்று சுருண்டு கிடந்த பக்கத்து வீட்டுக் கிழவி, தீப்பெட்டி கேட்க இவர் வாசலில் போய் நின்றதும் எழுந்து உட்கார்ந்து மீன் கழுவ ஆரம்பித்துவிட்டாள். இவருக்கு அதில் பெருமை வேறு. “பயப்படப்பிடாது, மோட்சத்துக்குப் போறதுக்கு என்ன பயம்” என்று எல்லாருக்கும் புத்தி சொல்வார்.

அப்புறம் இவருக்கே காய்ச்சல் வந்தது. நாங்கள் அப்போது இன்னும் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். காய்ச்சல் விடவேயில்லை, நெஞ்சு அடைத்தது, கை பிடித்துப் பார்த்த வைத்தியர் என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார். இவர் செத்துவிடுவாரோ என்று ஒரு பயம். சாகும்முன் சாமியார் மந்திரித்த எண்ணெய் பூசுவதைத்தான் அவஸ்தை என்போம். அது பூசாமல் செத்துவிட்டால் ஆத்துமம் என்னாகுமோ என்பது அதைவிடப் பெரிய பயம். பங்குச் சாமியாரைக் கூட்டிவர ஆள் அனுப்பினேன். மேசையில் வெள்ளைத்துணி விரித்து, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம் வைத்து, எண்ணெய் துடைக்கப் பஞ்சும் உருட்டி வைத்தேன்.

எங்கள் ஊரில் அவஸ்தை எண்ணெய் பட்டவன் பிழைக்க மாட்டான் என்று ஒரு பேச்சு உண்டு. அதெல்லாம் மூடநம்பிக்கை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் இவர்தான்.

சாமியார் நன்மை என்கிற நற்கருணை அப்பத்தைக் கொண்டுவரும்போது முன்னால் மணி அடித்து, மேலே குடை பிடித்து வருவார்கள். தெருவில் நிற்கிறவர்கள் அப்படியே முழங்கால் போடுவார்கள். மணிச்சத்தம் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. நான் திரியைப் பொருத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பாயில் ஆளில்லை. போர்வையையும் காணோம்.

“சீக்காளி எங்க?” என்றார் சாமியார். பின்வாசல் திறந்து கிடந்தது. வெட்கத்தோடு கடல் பக்கம் கையைக் காட்டினேன்.

மணி, குடை, சாமியார், பின்னால் பாதி ஊர் என்று எல்லாரும் மணலில் இறங்கினோம். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் முழங்கால் போட்டார்கள். இவர் மட்டும் போர்வையை மூடிக்கொண்டு கட்டுமரத்தில் குந்தியிருந்தார்.

“காய்ச்சல் விட்டாச்சு, சாமி. நீங்க போங்க” என்றார்.

“பல்லு கிடந்து அடிக்குதே” என்றேன்.

“அது கடக்காத்து, ஏட்டி.”

ஊரே சிரித்தது. சாமியார் சிரிக்கவில்லை. “பயமா இருக்கா, ஓய்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இருக்கு, சாமி. மத்தவனுக்கெல்லாம் கையப் பிடிக்க நான் இருந்தேன். எனக்கு யாரு இருக்கா?”

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. “நான் என்ன மரக்கட்டையா?”

“உனக்கு வேகமாச் சொல்லத்தான் தெரியும். ஜெபமாலையில பாதிய முழுங்கிருவ.”

அது உண்மைதான். அடுப்பில் குழம்பை வைத்துக்கொண்டு ஜெபம் சொல்கிறவள் வேறெப்படிச் சொல்வாள்? சாமியார் என்னைக் கட்டுமரத்தில் உட்காரச் சொன்னார். நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சாமியார் இவர் பாதத்தில் எண்ணெய் பூசப்போனால் ஒரே மணல். முந்தானையால் தட்டிவிட்டேன், கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டார். சாமியாருக்கே அப்போது சிரிப்பு வந்துவிட்டது.

காய்ச்சல் தானாக இறங்கியது. ஆனால் அதற்குப் பிறகு சாகிறவர்கள் காதில் அவர் கத்தியதில்லை. முணுமுணுப்பாகத்தான் சொல்வார். வீட்டில் எனக்கு வேறு தொல்லை வந்தது. சாப்பிட்டதும் பாயில் நீட்டி நிமிர்ந்து படுத்து, “செத்துட்டிருக்கேன், ஜெபம் சொல்லு பாப்போம்” என்பார். நான் பாத்திரம் கழுவியபடி சொல்வேன். ஒற்றைக்கண்ணைத் திறந்து, “மெல்ல, ஏட்டி. வண்டி ஒண்ணும் போயிராது” என்பார்.

பல வருஷம் கழித்து உண்மையாகவே அந்த நாள் வந்தது. நான் பயத்தில் வழக்கம்போல வேகமாக ஆரம்பித்தேன். அவருக்குப் பேச்சு நின்றிருந்தது, ஆனால் என் விரலை ஒருதரம் அழுத்தினார். அதன்பிறகு மெதுவாகச் சொன்னேன். அவ்வளவு மெதுவாக நான் எந்த ஜெபமும் சொன்னதில்லை. முடித்துவிட்டால் கையை விட வேண்டுமே.