கூடைக்குள் போன கை

பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போனபோது, எங்கள் வேலையும் அவனோடு கப்பல் ஏறிவிடுமோ என்று பயந்தேன். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பாகூருக்குப் போகும் சாலையில், இந்திய எல்லையில் இருந்த சுங்கச் சாவடியில் நான் காவலன். மத்திய சர்க்கார் உத்தியோகம் என்று நம்பித்தான் எனக்குப் பெண் கொடுத்தார்கள். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். எல்லையே இல்லையென்றால் எதைக் காவல் காப்பது? எங்கள் நாலு பேரில் இரண்டு பேரைத்தான் கலால் இலாகாவில் சேர்த்துக்கொள்வார்களாம், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாமாம். ஆள் பொறுக்க மறுநாள் காலையிலேயே சூப்பிரண்டு வந்துவிட்டார்.

தடுப்புக் கம்பை முந்தின நாளே கழற்றிப் போட்டாகிவிட்டது. சூப்பிரண்டு உள்ளே காகிதம் புரட்டிக்கொண்டிருக்க, நான் வாசலில் விறைப்பாக நின்றேன். அப்போது பார்த்து, பாகூரில் விற்றது போக மிச்ச மீனோடு அந்த மீன்காரம்மா திரும்பி வந்தாள். நாலு வருஷமாகத் தினமும் பார்க்கிற முகம். அவள் வழக்கம்போல நின்றாள். நானும் வழக்கம்போலக் கூடையை இறக்கச் சொல்லி, மேல் மீனை ஒதுக்கி, அடிவரை கையை விட்டுத் துழாவினேன். கடிகாரம், பிராந்தி, தங்கம் எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து இப்படித்தான் வரும். முழங்கைவரை செதில் ஒட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அடப் பாவி, இன்று எந்த அதிகாரத்தில் சோதனை போடுகிறாய்!

அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது போலும்.

“இன்னா சார் இது? கம்பையே கழட்டிப் போட்டுட்டீங்க, உன் கை மட்டும் இன்னும் என் கூடையில இன்னா பண்ணுது?”

அவள் போட்ட சத்தத்தில் சூப்பிரண்டு வெளியே வந்துவிட்டார்.

“யாருய்யா உன்னைச் சோதனை போடச் சொன்னது?”

“பழக்க தோஷம் சார்” என்றேன். தொலைந்தது வேலை என்று முடிவே கட்டிவிட்டேன். மாமனார் முகம் வேறு கண்முன்னே வந்து நின்றது.

அவர் அவளிடம் திரும்பினார். “இந்த ஆள் உன்கிட்ட ஏதாவது கேட்டானா? பயப்படாம சொல்லும்மா.”

“இவரா? நல்லா கேட்டீங்க! மத்தவங்க கைய வுட்டா ரெண்டு மீனு கொறையும். இந்தாளு நாலு வருசமா துழாவுறாரு, ஒரு நெத்திலி கொறைஞ்சதில்ல சாமி. இன்னிக்கி இவருக்கு இன்னா புத்தி கெட்டுதோ!”

சூப்பிரண்டு என் பின்னால் நின்ற மற்ற மூவரையும் பார்த்தார். மூவரும் தரையைப் பார்த்தார்கள். அவர் உள்ளே போய் முதல் பெயராக என் பெயரை எழுதினார்.

அப்பாடா! அன்று விட்ட பெருமூச்சு இன்னும் நினைவில் இருக்கிறது. முப்பது வருஷம் அந்த இலாகாவிலேயே ஓட்டினேன். போன இடமெல்லாம் கை சுத்தமான ஆள் என்றுதான் பேச்சு. ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

ஒரு துண்டு மீன் தின்றால் போதும், எனக்கு உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். அதை அன்றே சூப்பிரண்டிடம் சொல்ல வாயெடுத்தேன். வீட்டில் மனைவிக்கு எட்டாம் மாதம் என்பது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.