மூன்று தாடிகளும் ஒரு படகும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். வரட்டும். அந்தக் கோபத்தால் கெட்ட காரியங்கள் நிறைய. நல்ல காரியம் என்று ஒன்று உண்டென்றால் அது கிள்ளான் ஆற்றங்கரையில் நடந்தது.

நான் அப்போது பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தேன். கூட்ஸ் ஷெட்டில் கணக்கெழுதும் கிராணி வேலை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு கூன் போட ஆரம்பித்திருந்தது. கிள்ளானில் நம்மவர்கள் நடத்திய சங்கம் ஒன்றில் பந்து விளையாட்டும் கேரம் போர்டும்தான் அதுவரை இருந்தன. திடீரென்று ஒரு நாள் துறைமுகத்து வெள்ளைக்காரர்கள் கழித்துவிட்ட நீளமான படகு ஒன்றைச் சங்கம் வாங்கிவிட்டது. படகுப் போட்டி வந்தால் மலாய்க்காரர்களும் சீனர்களும் துடுப்புப் போடுவார்கள், நாம் கரையில் நின்று கச்சான் கடலை கொறித்துக்கொண்டு கத்துவோம். இனி நாமும் தண்ணீரில் இறங்குவோம் என்று முடிவாயிற்று. துடுப்புப் போட ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள், அதில் நானும் ஒருவன். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

தலைவர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், மெதடிஸ்டு கிறிஸ்தவர். நல்ல மனுஷர், ஆனால் அவர் சொன்னபடி நடக்காவிட்டால் தொலைந்தோம். படகு பழுது பார்க்கப் போயிருந்ததால் சங்கத்து மண்டபத்திலேயே பயிற்சியைத் தொடங்கினார். பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, ஆளுக்கொரு மூங்கில் கழியைக் கையில் கொடுத்து, "ஒண்ணு, ரெண்டு" என்று கத்துவார். படகு போகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும் என்பதே எங்களுக்குப் புதிது. எங்கே போகிறோம் என்று தெரியாமல் போவது என்ன பிழைப்பு என்று முதல் நாள் சண்டை போட்டேன். ஞாயிறுதோறும் காலை ரயிலில் கிள்ளானுக்குப் போய்க் காற்றைத் துடுப்பால் கிழித்துவிட்டு, உள்ளங்கை கொப்புளத்தோடு வீடு திரும்புவேன். மனைவி தேங்காய் எண்ணெய் தடவி விடுவாள்.

அவள் அப்போது மாசமாக இருந்தாள். அதற்கு முந்தின தடவை ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோயிற்று. அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. இந்தத் தடவை அவள் வாய் திறக்கவில்லை, என்னையும் திறக்க விடவில்லை. வெளியே தெரிந்தால் கண் பட்டுவிடும் என்று பயம். குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கத்துக்குத் தெரிந்ததே வயிறு தெரிந்த பிறகுதான். நம் வீடுகளில் உள்ள வழக்கப்படி, பெண்டாட்டி மாசமாக இருக்கும்போது புருஷன் முடி எடுக்கக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது, கடலில் இறங்கக் கூடாது. முடி விஷயம் சுலபம், வளர்த்துவிட்டேன். தாடி நெஞ்சுவரை வந்துகொண்டிருந்தது.

எங்கள் ஆறு பேரில் மூன்று பேருக்குத் தாடி. வாத்தியார் ஒரு நாள் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னப்பா, மூணு பேருமே பத்துமலை முருகனுக்கு வேண்டுதலா?" என்றார். நான் ஆமாம் என்றேன். மற்ற இரண்டு பேரும் ஆமாம் என்றார்கள். முருகா, என்னை மன்னித்துவிடு என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். அவர்கள் இரண்டு பேரும் என்ன சொல்லிக்கொண்டார்களோ, அது எனக்கு அப்போது தெரியாது.

படகு தயாராகிவிட்டது, அடுத்த ஞாயிறு ஆற்றில் நீச்சல் பரீட்சை, நீந்தத் தெரியாதவனுக்குப் படகில் இடமில்லை என்று வாத்தியார் அறிவித்தார். நான் ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டையில் நீந்தி வளர்ந்தவன், அதில் பயமில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"கடலா?"

"கடலாவது! ஆறுதான். ஆத்துக்கு என்ன தடை?"

"கிள்ளான் ஆத்துல கடல் ஏறும்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்களே."

"ஏறும், இறங்கும். இறங்குற நேரமாப் பாத்துத்தான் வாத்தியாரு வச்சிருக்காரு."

அவள் வெற்றிலைத் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு, "போயிட்டு வாங்க. ஆனா இறங்குறதுக்கு முன்னாடி ஒரு கை அள்ளி வாயில வச்சுப் பாருங்க. உப்புக் கரிச்சா வேணாம். அவ்வளவுதான் நான் கேக்குறது" என்றாள். சரி என்றேன்.

ஞாயிறு வந்தது. வெயில் கொளுத்துகிற மாதம், மழை பெய்து வெகுநாளாகியிருந்தது. படித்துறையில் சங்கத்து ஆட்கள் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். படகைக் காவல் காக்கிற மலாய்க்காரப் பெரியவர், "ஆயர் சூருட், ஆயர் சூருட்" என்றார். தண்ணீர் வற்றுகிற நேரம்தான். என் பெயரை முதலில் கூப்பிட்டார்கள். சட்டையைக் கழற்றிவிட்டுக் கடைசிப் படியில் குந்தி, சேற்று நிறத் தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் விட்டேன்.

"யோவ், என்ன பண்றீங்க? காலரா வரும்யா!" என்று வாத்தியார் மேலிருந்து அலறினார்.

துப்பினேன். மறுபடி அள்ளினேன். சேறு, சேற்றுக்குள் உப்பு. மழை இல்லாததால் கடல் உள்ளே வந்து அங்கேயே தங்கிவிட்டிருந்தது. மலாய்க்காரப் பெரியவரைப் பார்த்து, உப்பா என்று கேட்டேன். அவரும் விரலைத் தோய்த்து நக்கிப் பார்த்துவிட்டு, "மாசின் சிக்கிட்" என்றார். கொஞ்சம் உப்புத்தான்.

கொஞ்சம்தானே! குதித்து, ஆற்றுக்குள் நட்டிருந்த கம்பத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் பரீட்சை முடிந்தது. பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்திருப்பவளுக்கு யார் போய்ச் சொல்லப்போகிறார்கள்? உப்பே இல்லை என்று நான் சொன்னால் நம்பிவிடுவாள். ஒரு கால் தண்ணீருக்கு மேல் தூக்கியபடி நின்றது உண்மை. அந்தப் படகின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை.

"இறங்குறீங்களா இல்லையா? பயமா இருந்தா சொல்லிடுங்க, வேற ஆள் இருக்கு" என்றார் வாத்தியார்.

பயம் என்று சொன்னாரா, எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "இறங்க முடியாது! வீட்டுல மாசமா இருக்கா. இது கடல் தண்ணி. போதுமா?" என்று ஊர் கேட்கக் கத்தினேன். சொல்லக் கூடாது என்று அவள் கேட்டுக்கொண்டதைச் சொல்லியாயிற்று. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

வாத்தியார் படியிறங்கி வந்தார். "எங்க வீட்டுல நாலு பொறந்துச்சு. அப்பல்லாம் நான் துறைமுகத்துல நீந்திக்கிட்டுத்தான் இருந்தேன். ஒண்ணும் ஆகலியே?"

"உங்க வீட்டம்மாவுக்குப் பயம் இல்ல வாத்தியாரே. எங்க வீட்டுல இருக்கு. ஒண்ணு போயிடுச்சு."

அந்த நேரத்தில் என் பின்னால், தபாலாபீஸில் வேலை செய்த இரண்டாவது தாடி, மெல்ல என் தோளைத் தொட்டான். "அண்ணே, நெஜமா உப்பா?" என்றான்.

"உப்புதான்."

"அப்பாடா" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "எங்க வீட்டுலயும் நாலு மாசம்ணே. எப்படிச் சொல்றதுன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல." நாங்கள் இரண்டு பேரும் திரும்பி மூன்றாவது தாடியைப் பார்த்தோம். அவன் எப்போதோ சட்டையை மாட்டிக்கொண்டு பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

வாத்தியார் எங்கள் தாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். விஷயம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "அடப் பாவிகளா! திடகாத்திரமா, புதுசாக் கல்யாணம் ஆன பயலுகளாப் பாத்துப் பொறுக்கினேனே, என்னைச் சொல்லணும்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "படகு எங்கயும் ஓடிடாது. பிள்ளைங்களப் பெத்து எடுத்துட்டு வாங்க. ஒருத்தன் எடத்தையும் யாருக்கும் கொடுக்க மாட்டேன்" என்றார். எனக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். மற்ற இரண்டு வீடுகளிலும் குறையில்லாமல் பிறந்தன. பிறகு அந்தப் படகில் ஏறி, போகிற திசைக்கு முதுகைக் காட்டி, வருஷக்கணக்காகத் துடுப்புப் போட்டேன். ஒரு தடவைகூட முதலாவதாக வந்ததில்லை, அது வேறு கதை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியான ரயிலில் இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ரகசியத்தை ஊரறியப் போட்டு உடைத்ததற்கு என்ன சொல்லப்போகிறாளோ என்ற யோசனையோடுதான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

அவள் அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சோற்றுப் பானை மூடியபடியே இருந்தது.

"இறங்குனீங்களா?"

"இல்ல. உப்பு. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், நீ மாசமா இருக்கேன்னு. வேற வழி இல்ல. கோவிச்சுக்காத."

அவள் கையை நீட்டி என் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தாள். வேட்டியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் காய்ந்து கிடந்தன. அப்புறம்தான் அழுதாள்.

"காலையிலேருந்து பச்சத் தண்ணி தொண்டையில இறங்கல எனக்கு. உயிரே என்கிட்ட இல்ல."

எனக்கு மறுபடி கோபம் வந்துவிட்டது. "அவ்வளவு பயத்தை வச்சுக்கிட்டு அப்புறம் ஏன்டி போகச் சொன்ன?"

"ஆசப்பட்டீங்களே" என்றாள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குதுங்க" என்றாள். தட்டை எடுத்து வைத்துப் பானையைத் திறந்தேன். பரிமாறிப் பழக்கமில்லாத கை, பாதிச் சோறு தரையில் விழுந்தது. அவள் தலை நிமிராமல் சாப்பிட்டாள். தட்டு காலியானதும் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள். போட்டேன்.