காலமை விலை, பின்னேர விலை

தொண்ணூறுகளின் நடுவில் என் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, அங்கிருந்து ரொறன்ரோவில் எங்களிடம் வந்து சேர்ந்தார். ஊரில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை நடத்தியவர். கடையைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். ஊருக்குள் சாமான் வரவிடாமல் அரசாங்கம் தடை போட்டிருந்த காலம் அது. சவுக்காரம், சீனி, நெருப்புப்பெட்டி எல்லாம் கண்டபடி விலை ஏறியது என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் அக்கா சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் இருந்த தமிழ்க் கடைக்குப் போனோம். அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டு நின்ற பெண் அக்காவைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"நீங்கள் கோயிலடிக் கடை அக்கா எல்லே?"

"ஓம்," என்றார் அக்கா. குரல் இறங்கிப்போயிருந்தது.

"காலமை சவுக்காரத்துக்கு ஒரு விலை சொன்னியள். வீட்டை போய்க் காசு எடுத்துக்கொண்டு பின்னேரம் வந்தன். கூட்டிச் சொன்னியள். கைக்குழந்தை இருக்குதெண்டு கெஞ்சினனான், தரேல்லை. பனம்பழம் பிசைஞ்சுதான் பிள்ளையின்ரை துணியளைத் தோய்ச்சனான்."

சாமான் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வாங்கோக்கா, போவம்," என்று கையைப் பிடித்தேன். அவர் அசையவில்லை.

"நீர் பிள்ளையோடை நிண்டது இப்பவும் கண்ணுக்கை நிக்குது," என்றார் அந்தப் பெண்ணிடம். "மத்தியானம் சாமான் கொண்டுவாற சைக்கிள்காரன் விலையைக் கூட்டிப்போட்டான். முதலெல்லாம் நான் பழைய விலைக்குத்தான் குடுத்தனான். பிறகு பாத்தா மேசை லாச்சியிலை காசு கிடந்தது, அந்தக் காசுக்குத் திரும்பச் சாமான் வாங்கேலாமல் போச்சு."

"அப்ப கூட்டி வித்து என்னத்தைக் கண்டியள்?"

"கடையை ஒரேயடியாப் பூட்டுறது கொஞ்சம் பிந்திச்சுது. அவ்வளவுதான்."

விலை கூட்டுபவர்கள் எல்லாரும் லாபம் பார்க்கிறவர்கள் என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். ஊரில் சனம் அக்காவைத் திட்டியதைத் கொழும்புக்கு வந்தவர்கள் தொலைபேசியில் சொல்லிக் கேள்விப்பட்டபோதும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் பெண் குனிந்து அடுத்த அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தார். பிறகு, "பிள்ளை இப்ப பள்ளிக்கூடம் போறான்," என்றார். மூட்டையை நேராக்கிக்கொண்டே, "உங்களுக்கு இஞ்சை வேலை ஏதும் கிடைச்சுதே?" என்று கேட்டார். அக்கா இல்லையென்று தலையாட்டினார்.

"முதலாளி ஆள் தேடுறார். கேட்டுப் பாக்கட்டே?"

அடுத்த கிழமை அக்கா அங்கே வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு பேரும் சிநேகிதமாகிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். ஒரே பஸ்ஸில் வருவார்கள், அதிகம் பேசிக்கொள்வதில்லை என்று அக்காதான் சொல்வார்.

பெட்டிகளில் விலை ஒட்டுவது அக்காவின் வேலை. புதிதாக இறங்கிய சாமானுக்கும் போன மாத விலையையே ஒட்டச் சொன்னால் அவருக்கு நம்பிக்கை வராது. "வடிவாப் பாத்துத்தான் சொல்லுறியளோ?" என்று முதலாளியிடம் இன்னொருதரம் கேட்பாராம். அப்படிக் கேட்பதை விடுவதற்கு அவருக்கு ஒரு முழுப் பனிக்காலம் தேவைப்பட்டது.