பித்தளைப் பலகையில் இல்லாத பெயர்

லெமுவல் டேண்டி முப்பத்தொரு வருஷம் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்ட துடுப்புச் சக்கரக் கப்பல் அது. பெயர் கிளாரா மெய்னார்ட். இப்போது மெம்பிஸ் நதிக்கரையில் கட்டிப்போட்டு, பெயின்ட் அடித்து, வருகிறவர்களிடம் டிக்கெட் கிழிக்கிறார்கள். அந்தக் காலத்தில் கறுப்பு ஆட்கள் மேல்தளப் படியில் கால்வைக்கக் கூடாது. எழுபத்தெட்டு வயதில், மூட்டு நோக நோக அந்தப் படியில் ஏறுவதற்கு டேண்டியும் டிக்கெட் வாங்கினார். பெரிய மனசுதான் அவர்களுக்கு.

படி ஏறிப் பார்க்கும் ஆசையில் அவர் வரவில்லை. கப்பலில் உழைத்த அத்தனை பேரின் பெயரையும் பித்தளைப் பலகையில் பொறித்திருப்பதாகப் பத்திரிகையில் வந்திருந்தது. "உங்கப்பன் கப்பல்லயா இருந்தான்? எவ வீட்டுல இருந்தானோ" என்ற தாய்மாமன் பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் மகள் வெர்னீஸ். அவளுக்குக் காட்டத்தான் கூட்டி வந்தார்.

பலகையில் கேப்டனுக்கும் எஞ்சினியர்களுக்கும் முழுப்பெயர். கீழே, கரி அள்ளியவர்கள் வரிசையில்: கொக்கு, ஒத்தக்காது, வெல்லப்பாகு.

"உங்க பேரு எங்கப்பா?" வெர்னீஸ் விரலை ஓட்டித் தேடினாள்.

டேண்டியின் பார்வை கடைசிப் பெயரில் நின்றது. வேலைக்குச் சேர்ந்த அன்று மேஸ்திரி அவரை ஏற இறங்கப் பார்த்து, "கறுப்பு, மந்தம். வெல்லப்பாகுடா நீ" என்றான். அவன் வாயில் வந்ததுதான் ஆள் பட்டியலில் ஏறியது. பெற்றவள் வைத்த பெயரை எவனும் கேட்கவில்லை.

வருகிறவர்களுக்குக் கப்பலைச் சுற்றிக்காட்டும் பெண் அருகில் வந்தாள். அவர் தன் பெயரைச் சொன்னதும் ஒரு கட்டுக் காகிதத்தைப் புரட்டினாள்.

"பழைய பட்டியல்ல டேண்டின்னு யாரும் இல்லையே ஐயா. உங்களுக்குக் கப்பல்ல பட்டப்பேரு ஏதாவது உண்டா? அதச் சொன்னீங்கன்னா பக்கத்துலயே முழுப்பேரையும் போட்டுடலாம்."

நல்ல பெண். மனசார உதவத்தான் கேட்டாள்.

"சொல்லுங்கப்பா," என்றாள் வெர்னீஸ்.

மகள் முகத்தைப் பார்த்தார். அந்த வார்த்தையை இவள் காதில் எப்படிப் போடுவது?

"அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா," என்றார்.

வெர்னீஸ் கையோடு கொண்டுவந்திருந்த பத்திரிகைத் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். படி இறங்கும்போது அவர் கையைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டாள்.

"பரவால்லப்பா. வயசாயிடுச்சில்ல. வேற ஏதாவது கப்பலா இருந்திருக்கும்."

டேண்டி தலையாட்டினார்.