சாவி என் மேசையில் இருந்தது

மாகாண சபைகள் தொடங்கிய காலத்தில், கண்டிப் பக்கத்திலிருந்து தெரிவான உறுப்பினர்களில் நானும் ஒருவன். படித்தவன், நன்றாகப் பேசுபவன் என்று பெயர் இருந்தது. அந்தப் பெயரே எனக்குக் கொஞ்சம் தலைக்கேறியும் இருந்தது.

ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த மக்கள் பள்ளத்தில் ஊற்றுநீர் விழும் பீலிக்கு இறங்கித்தான் தண்ணீர் எடுத்தார்கள். என் நிதி ஒதுக்கீட்டில் அவர்களுக்குத் தொட்டி கட்டி, குழாய் போட்டுக் கொடுத்தேன். வேலை முடிந்ததும் பிரதான வால்வைப் பூட்டி, சாவியைக் கண்டிக்குக் கொண்டுவரச் சொன்னேன். திறப்பு விழாவுக்கு ஓர் அமைச்சரை அழைத்திருந்தேன். அவருக்கு நாள் கிடைக்கவில்லை. விழா இரண்டு தடவை தள்ளிப்போனது.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் பஸ் ஏறி என் அலுவலகத்துக்கு வந்தார்.

"ஐயா, இப்ப தொறந்து விட்ருங்க. விழா அன்னிக்கு வேணும்னா மறுபடி பூட்டிட்டு, புதுசா தொறக்கிற மாதிரி தொறப்போம்."

"குடிச்சு முடிச்ச தண்ணிக்கு யாரப்பா வந்து ரிப்பன் வெட்டுவாங்க?" என்று சிரித்தேன். அவரும் மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் போனார். சாவி என் மேசை லாச்சியில் கிடந்தது.

ஒருவழியாக விழா நடந்தது. அமைச்சர் ரிப்பன் வெட்டினார். என் பெயர் பொறித்த கல்லின் திரையை விலக்கினார்கள். முதல் குடத்தை நிரப்பி, முன்வரிசையில் நின்ற ஒரு பெண்ணிடம் நீட்டினேன். அவர் ஒரு கையை மட்டும் நீட்டினார்.

"போட்டோ புடிக்கிறாங்கம்மா, ரெண்டு கையாலயும் வாங்குங்க."

அவர் முந்தானையை விலக்கினார். இடது கையில் மாவுக்கட்டு.

"ஒத்தக் கைதான் இருக்குங்க ஐயா. இது போன வாரம் பீலிக்குப் போறப்ப வழுக்கி ஒடஞ்சிருச்சு."

பின்னாலிருந்து ஒரு கிழவி, "ஐயா நல்ல நேரம் பாக்குறதுக்குள்ள அவளுக்குக் கெட்ட நேரம் வந்துருச்சு" என்றாள். சிலர் சிரித்தார்கள்.

அந்தப் பெண் கொழுந்து பறிப்பவர். இரண்டு கையும் ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். அது தெரிந்தும் நான் மேடையேறி, எழுதி வைத்திருந்த பேச்சை ஒரு வரி விடாமல் பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவரால் மட்டும் தட்ட முடியவில்லை.

ஒரு மாதம் கழித்துத்தான் அவர் வீட்டுக்குப் போக எனக்குத் துணிச்சல் வந்தது. சாவி என்னிடம் இருந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அது எங்களுக்கு அன்னைக்கே தெரியும்யா. தலைவர் வந்து சொன்னாரு" என்றார். "கையில வலு வர்ற வரைக்கும் ஒங்களத் திட்டிக்கிட்டுத்தான் இருப்பேன். உக்காருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அதற்குப் பிறகு நான் எந்த விழாவும் வைக்கவில்லை. பாலமோ பள்ளிக்கூடக் கூரையோ, வேலை முடிந்த அன்றே மக்கள் கையில் விடச் சொன்னேன். அடுத்த தேர்தலில் தோற்றேன். கல்லில் பெயர் இல்லாதவனுக்கு யார் ஓட்டுப் போடுவார்கள் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள்.

போன மாதம் அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். கல்லில் பாசி ஏறி என் பெயர் மறைந்திருந்தது. அந்தப் பெண்ணுக்கும் தலை நரைத்துவிட்டது. கொஞ்சம் கோணலாகிப்போன அந்த இடது கையால் குடத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு, "இப்பல்லாம் திட்டுறதில்லங்கய்யா" என்று சிரித்தார்.

என் பெயர் வெட்டிய கல் எதையும் இப்போது நான் தேடிப் போவதில்லை. யாரையும் காக்க வைக்காமல் திறந்துவிட்டவைதான் இந்த வயதில் எனக்கு நல்ல தூக்கத்தைத் தருகின்றன.