டேப்பக்கா தன் மகளுக்குச் சொல்லாதது

எங்கள் தெருவில் டேப்பக்கா என்றால்தான் அவளைத் தெரியும். குளிக்கும்போது மட்டும்தான் அளவு டேப்பைக் கழுத்திலிருந்து எடுப்பாள் என்று கேலி செய்வேன். "நீ பொத்தான் விக்கிறவ, உனக்கு வாய் மட்டும் போதும். எனக்கு டேப்பும் வேணும்" என்பாள். அவள் தையல் கடைக்கும் என் பொத்தான் கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும்.

பள்ளிச் சீருடை தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பள்ளி திறக்கும் சமயம் அம்மாக்கள் மகள்களை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். எந்தப் பெண் திடீரென்று வளர்ந்திருக்கிறாள், எவள் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கப் பழகியிருக்கிறாள், எவள் மார்பில் டேப் பட்டதும் பல்லைக் கடிக்கிறாள் என்பதெல்லாம் பெற்றவளுக்கு முன்னால் இவளுக்குத் தெரிந்துவிடும். பெற்றவளோ சுவரைப் பார்த்துக்கொண்டு, "மேல கொஞ்சம் லூஸா வெச்சுத் தைங்க" என்பாள். மகளுக்கு அவள் செய்கிற உபகாரம் அதோடு முடிந்தது. கேட்டால், "நாங்க எல்லாம் யார் சொல்லியா தெரிஞ்சுக்கிட்டோம்?" என்று என்னிடமே பெருமை பேசுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டேப்பக்கா அவர்களோடு மல்லுக்கு நிற்க மாட்டாள். "பக்கத்துல போய்ப் பொத்தான் பாத்துட்டு வாங்க" என்று அம்மாவை என் கடைக்குத் தள்ளிவிட்டு, பெண்ணைத் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போவாள். மார்பு வலிப்பது வளர்வதால்தான், ஒரு பக்கம் முந்தியும் ஒரு பக்கம் பிந்தியும் வளரலாம், அக்குளில் முடி வரும், உள்ளாடையில் வெள்ளையாகப் படலாம், பிறகு ஒருநாள் ரத்தம் வரும் என்று சொல்வாள். அது காயமும் இல்லை, நோயும் இல்லை. மாதாமாதம் வரும், முதல் ஒன்றிரண்டு வருடம் முன்னே பின்னே ஆகும். துணி வைத்தால் நனைந்ததும் மாற்று, சோப்புப் போட்டு அலசி நல்ல வெயிலில் காயப்போடு, மறைத்து வைக்காதே. இவ்வளவையும் இடுப்பளவு எடுக்கிற சாக்கில் சொல்லி முடித்துவிடுவாள். உள்ளே போகும்போது அழுகிற முகமாக இருந்த பெண்கள் வெளியே வரும்போது நிமிர்ந்து வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கடைக்கு முன்னால் எப்போதும் நாலு பேர் நின்றுகொண்டிருப்பார்கள். தைத்த சட்டையை வாங்க வந்தவர்கள், சும்மா வாய் பார்க்க வந்தவர்கள். அவர்கள் காதில் விழக் கூடாது. அதற்கு அக்கா ஒரு வழி வைத்திருந்தாள். திரையை இழுத்துவிட்டு, "பாப்பா, மிஷினை ஓட்டு" என்பாள்.

பாப்பா என்பது அவளுடைய ஒரே மகள். பெடலுக்குக் கால் எட்டிய நாளிலிருந்து அந்தப் பிள்ளைக்கு அதுதான் வேலை. ஊசியில் நூல் இருக்காது. ஒரு வெட்டுத் துணியைக் கொடுத்து வைத்து, திரை திறக்கும்வரை கடகடவென்று மிதித்துக்கொண்டிருப்பாள். பலகைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே ஒரு வார்த்தை கேட்காது. உள்ளே என்ன சொல்வாள் என்பதெல்லாம் பிறகு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் கணவர் போய்ச் சேர்ந்தார். லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். குடலில் புண் என்றார்கள். கடைசியில் படுக்கையிலேயே ரத்தமாகப் போனது. அக்கா கடையில் இருக்கும் நேரத்தில் அந்த விரிப்புகளை அலசிப் போட்டது பாப்பாதான். "ரத்தம் நிக்கலைன்னா கஷ்டம்மா" என்று டாக்டர் சொன்னபோதும் அந்தப் பிள்ளை பக்கத்தில்தான் நின்றது. அது மட்டும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டுவிட்டது.

அவர் போனபின் அக்கா சோறு தண்ணீர் மறந்து தைத்தாள். தைக்காத நேரத்தில் அழுதாள். பாப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தே நடக்கப் பழகிக்கொண்டாள்.

அடுத்த வருடம் சீருடை வேலை முடிந்து தெரு ஓய்ந்திருந்த ஒரு மத்தியானம், பாப்பா என் கடைக்கு வந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. கண்ணாடிப் பெட்டியில் விரலால் கோடு இழுத்துக்கொண்டே கேட்டாள்.

"அத்தை, காஜா எடுக்க, பொத்தான் தைக்கத் தெரிஞ்ச பொண்ணு யாராவது இருக்காங்களா? எங்கம்மாவுக்குக் கூடமாட இருக்க."

"ஏன், நீ எங்க போற?"

"சும்மாதான் கேட்டேன். நான் இல்லாம போயிட்டா அம்மா தனியா கஷ்டப்படும்ல."

 அவளைக் கையோடு கூட்டிப் போய், கேட்டதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பெண் பிள்ளை வீட்டை விட்டுப் போகிறேன் என்றால் பெற்றவள் மனம் எங்கே போகும்? அங்கேதான் போனது.

"யாருடி அவன்?" என்று கேட்டுப் பளாரென்று அறைந்தாள்.

பாப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விழித்தாள். அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

"சொல்லப் போறியா இல்லையா?" என்று அக்கா மறுபடி கையை ஓங்கினாள். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன்.

"அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்திருச்சும்மா" என்றாள் பாப்பா. "ரத்தமா போகுது. நிக்குது, திரும்ப வருது. நீ அழுவேன்னுதான் சொல்லல."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பல மாதமாக அந்தப் பிள்ளை சாவுக்காகக் காத்திருந்திருக்கிறது. வெட்டுத் துணி மூட்டையிலிருந்து துண்டு எடுத்து வைத்துக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் ஈரமாகவே ஒளித்துக்கொண்டு, தனக்குப் பிறகு அம்மாவுக்கு யார் துணை என்று ஆள் தேடியிருக்கிறது. பள்ளியில் டீச்சர் அந்தப் பாடத்தை மட்டும், "வீட்டுல படிச்சுக்கோங்க" என்று புரட்டிவிட்டாராம். கூடப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் டேப்பக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள். அவர்களும் இவளிடம் பேச்செடுக்கவில்லை. டேப்பக்கா மகளுக்கா தெரியாது என்று விட்டுவிட்டார்கள். அக்காவும் அதையேதான் நினைத்திருந்தாள், கடையிலேயே வளர்கிறவள்தானே என்று.

அக்கா மகளை மடியில் இழுத்து, மற்றப் பெண்களுக்குச் சொல்வதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். காயம் இல்லை, நோய் இல்லை என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். பாப்பா கடைசிவரை கேட்டாள். அழவில்லை.

"இதைத்தான் எல்லாருக்கும் சொல்லுவியா?"

"ஆமாண்டி கண்ணு."

"நான் மிஷின் ஓட்டிட்டிருந்தேனே, அப்பவா?"

அக்கா தலையை ஆட்டினாள். பாப்பா மடியிலிருந்து எழுந்து, "சரிம்மா" என்றாள்.

அந்த "சரிம்மா"தான் அக்காவைத் தின்றது. அதன்பின் பாப்பா சண்டை போட்டதில்லை, எதிர்த்துப் பேசியதில்லை. காய்ச்சலா என்றால் ஒண்ணுமில்லம்மா. வலிக்கிறதா என்றால் ஒண்ணுமில்லம்மா. அக்கா பெண்களுக்குச் சொல்வதை விடவில்லை. மிஷினைத்தான் நிறுத்திவிட்டாள். எவன் காதில் விழுந்தாலும் விழட்டும் என்று பேசினாள். அதற்கும் நாலு பேர் முகம் சுளித்து வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். அவர்களைப் பற்றி எழுத என் பேனாவுக்கு மரியாதை போதாது.

பாப்பாவுக்குக் கல்யாணமாகி வெளியூர் போய் வருடங்கள் ஆகிவிட்டன. போன மழைக்காலத்தில் மருமகன் போன் செய்தார். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட்டார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார். எல்லாம் முடிந்து நாலைந்து நாள் கழித்துத்தான் பெற்றவளுக்குத் தகவல். அக்கா கட்டிய புடவையோடு பஸ் ஏறினாள்.

வாரம் கழித்துத் திரும்பி வந்து என் கடையில் உட்கார்ந்தாள். நான் கேட்காமலே சொன்னாள்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லலன்னு கேட்டேன். நீ அழுவேன்னுதான்மான்னு சொல்றா."

"உடம்பு தேவலையா?"

"நடக்குறா. பேத்தி நெடுநெடுன்னு வளந்துட்டா. தோளைக் குறுக்கிக்கிட்டு நிக்குறா. எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. வாடி கண்ணு, பாட்டி உனக்கு ஒண்ணு சொல்றேன்னு பக்கத்துல கூப்பிட்டேன்." அக்கா கழுத்து டேப்பை இழுத்து நேராக்கினாள். "பாப்பா படுக்கையில இருந்தே சொன்னா. 'நான் எல்லாம் சொல்லிட்டேன்மா. நீ அவகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்'னு."

"நீ என்ன சொன்னே?" என்றேன்.

"சரிம்மான்னேன்" என்றாள் அக்கா.