கடல் தொட்டியில் பாசி பிடுங்கியவன்

வீட்டுக்குள் கடலின் ஒரு துண்டை வைத்துக்கொண்டால் மனதுக்கு அமைதி என்று நம்புகிறவர்களின் அமைதியைக் காப்பாற்றுவதுதான் என் தொழில். அதாவது, அந்தத் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பாசி பிடுங்குவது. உப்புத் தண்ணீரில் பவளமும் கோமாளி மீனும் வளர்க்கும் சக பாவிகளே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: பவளம் விரல் அளவு வளர வருடக்கணக்காகும், பாசிக்கு நீங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தால் போதும்.

ஒரு காலத்தில் என் கையில் பத்துப் பன்னிரண்டு வீட்டுத் தொட்டிகள் இருந்தன. பாசி ஒவ்வொன்றாகத் தின்றதுபோக நான்கு மிஞ்சின. அவையும் போய்விட்டால் மச்சானின் டைல்ஸ் கடையில்தான் நிற்க வேண்டும். அவர் இரண்டு வருடமாக எனக்கென்று ஒரு நாற்காலியைக் காலியாகவே வைத்திருக்கிறார்.

ஈசான மூலை

அந்த நான்கில் முதலில் போனது மயிலாப்பூரில் ஒரு மாமா வீடு. தண்ணீர் வடகிழக்கில்தான் இருக்க வேண்டும் என்று வாஸ்து பார்ப்பவர் சொல்லிவிட்டதால் தொட்டியை ஹாலின் ஈசான மூலையில் வைத்திருந்தார். அங்கே கிழக்குப் பார்த்த பெரிய ஜன்னல். காலையில் மூன்று மணி நேரம் சூரிய பகவான் நேராகத் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பார். வெயில் பட்டால் பாசிக்குக் கொண்டாட்டம். பாறையே தெரியாமல் பச்சை முடி முளைத்து ஆடும். நான் வியாழக்கிழமை மொட்டை அடித்துவிட்டுப் போவேன். அடுத்த வியாழக்கிழமை பின்னல் போடும் அளவுக்கு வளர்ந்திருக்கும்.

தென்கிழக்குக்கு நகர்த்தலாமா என்றேன். அது அக்னி மூலை, தண்ணீர் ஆகாதாம். ஜன்னலுக்கு ஒரு திரையாவது? ஈசானத்தை மறைக்கக் கூடாதாம். ஆறு மாதம் போராடி வெறுத்துப்போய், திரை போடாவிட்டால் நான் வருவதில் அர்த்தமில்லை என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். மாமா கோபப்படவே இல்லை. வாசல் வரை வந்து, என் பக்கெட்டைக் கையில் எடுத்துக் கொடுத்தார்.

"பாசி வந்தா யாராவது தொடைச்சுடுவா. லக்ஷ்மி போயிட்டா யாருப்பா திரும்பக் கூட்டிண்டு வருவா?"

ஒரு மண்டலம்

தி. நகரில் ஒரு பாத்திரக்கடைக் குடும்பம். பெண்ணுக்கு வரன் தட்டிக்கொண்டே போனது. கோயில் குளத்து மீன்களுக்கு நாற்பத்தெட்டு நாள் கோதுமை மாவு உருண்டை போடச் சொன்னார் ஜோசியர். வீட்டிலேயே மீன் இருக்கும்போது குளத்துக்கு எதற்கு அலைய வேண்டும் என்று அந்த வீட்டு அம்மாவுக்குத் தோன்றிவிட்டது. எனக்கு யாரும் சொல்லவில்லை. பாறை இடுக்கில் ஊறிக் கிடந்த மாவைத் தோண்டி எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் மணல் முழுக்கச் சிவப்பாக, வழவழவென்று ஒரு போர்வை. மாவு கெட்டுப்போன தண்ணீரில் படருகிற அழுக்குப் பாசி அது.

கெஞ்சினேன். இன்னும் இருபது நாள்தான் பாக்கி, நடுவில் நிறுத்தினால் தோஷம் இரட்டிப்பாகும் என்றார் அந்த அம்மா. அவருக்குத் தெரியாமல் நான் மாவை உறிஞ்சி எடுப்பேன். எனக்குத் தெரியாமல் அவர் சேர்த்துப் போடுவார். மண்டலம் முடிந்த வாரம் இரண்டு கோமாளி மீன்களும் செத்து மிதந்தன. அதே வாரம் வரனும் அமைந்தது. கல்யாண வீட்டில் இடம் போதவில்லை என்று தொட்டியையும் எடுத்துவிட்டார்கள். எனக்குப் பத்திரிகை வைத்துவிட்டு அந்த அம்மா கண்கலங்கினார்.

"பொண்ணோட தோஷத்த அந்த ரெண்டு மீனும் வாங்கிக்கிட்டுப் போயிருச்சு தம்பி. எல்லாம் நீங்க வளர்த்த புண்ணியம்."

மருந்து

கே.கே. நகரில் பாசி தலைகாட்டத் தொடங்கியிருந்த மூன்றாவது வீட்டையாவது காப்பாற்ற வேண்டுமே என்று, சிந்தாதிரிப்பேட்டையில் மீன்தொட்டிச் சாமான் விற்கும் பாய் ஒருவரிடம் போய், பாசியை ஒரேயடியாக ஒழிக்க ஏதாவது மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். பாய் கல்லாவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"கீது. ஆனா பாசி சாவறதுக்கு முன்னாடி மீனு பூடும். பரவால்லன்னா சொல்லு, எடுத்துத் தரேன்."

பெசன்ட் நகர்த் தண்ணீர்

இது முழுக்க என் புத்திகெட்ட வேலை. சுத்திகரித்த தண்ணீரில் அதற்கென்று விற்கும் உப்பைக் கலந்துதான் தொட்டியில் ஊற்ற வேண்டும். அந்த மழைக்காலத்தில் உப்பு வந்து சேரவில்லை. கே.கே. நகர் வீட்டில் தண்ணீர் மாற்றும் நாள் தள்ளிக்கொண்டே போனது. கைக்கெட்டும் தூரத்தில் கடல் இருக்கும்போது உப்புக்கு ஏன் காத்திருக்க வேண்டும் என்று, பாத்திரக்கடை அம்மாவின் யோசனை எனக்கும் வந்தது. மழை விட்ட மறுநாள் கேன்களோடு பெசன்ட் நகர் போய், அடையாறு ஆறு கடலில் கலக்கும் பக்கமாக இறங்கி மொண்டுவந்தேன்.

இரண்டே வாரத்தில் பாறை, கண்ணாடி, பம்பு எல்லாம் பச்சை. வீட்டுக்காரர் ஐ.டி.யில் இருக்கும் நல்ல மனிதர். திட்டக்கூட இல்லை. தொட்டி விற்பனைக்கு என்று இணையத்தில் படம் போட்டுவிட்டார். படத்திலும் பாசிதான் தெரிந்தது. எனக்கு அழுகையே வந்தது. அதே கரையில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு என்னைப் பார்த்திருந்த மீனவர் ஒருவர் வலையை உதறிக்கொண்டே விசாரித்தார். சொன்னேன்.

"இன்னா நைனா நீ, ஊரு சாக்கட மொத்தமும் மழையில வந்து வுழற எடம் அது. அந்த வாரத்துல நாங்களே அங்க கால் நனைக்க மாட்டோம். நீ வூட்டு மீனுக்கு எடுத்துக்கினு போயிக்கிற!"

நோட்டுப் புத்தகம்

மிஞ்சியது அடையாறு வீடு. வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு மேடம். அவருடைய பவளத்தைப் பச்சைப் பாசி கழுத்து வரை மூடியிருந்தது. இதுவும் போனால் டைல்ஸ்தான். ஆனால் என் வாழ்க்கையில் முதல்முறையாக, நான் சொன்னதைக் கேட்கிற ஒருவர் கிடைத்தார். ஒருவேளைதான் தீனி என்றேன், ஒருவேளைதான் போட்டார். ஜன்னலுக்குத் திரை என்றேன். மறுநாளே தைத்துப் போட்டார். விளக்கை எத்தனை மணி நேரம் எரியவிட வேண்டும், எந்த நத்தை எந்தப் பாசியைத் தின்னும், எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பதினைந்து வருடம் கற்றதை, கேட்காததையும் சேர்த்து, கொட்டித் தீர்த்தேன். பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். விரல் நுனியெல்லாம் வெந்துபோயின.

ஐந்தாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். தொட்டியில் ஒரு பச்சை இழை இல்லை. பவளம் ஊதா நிறத்தில் முழுக்க விரிந்து ஆடிக்கொண்டிருந்தது. நான் ஜெயித்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கண்ணாடி முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மேடம் ஃபில்டர் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அந்த நோட்டுப் புத்தகத்தை ஆசையாகத் தடவிக்கொண்டே சொன்னார்.

"எல்லாமே இதுல இருக்கு சார், இனிமே நானே பாத்துக்குவேன். உங்களுக்கும் பாவம், வாராவாரம் அலைச்சல் மிச்சம்."

இத்தனை வருடமும் எனக்குச் சோறு போட்டது பாசிதான் என்று புரிவதற்கு, கடைசி இழை வரை அதை நானே பிடுங்கிப் போட வேண்டியிருந்தது.